சோலை அழிந்தபின் ஏரி ஏது?

மலையேரி ஒன்று பாழாகும்போது ஆள்வோர் முதலில் செய்வது யாது? கரைக்கு வேலியிடுவர், நடைபாதைக்குக் கல் பதிப்பர், மின்விளக்கு நிறுத்துவர், படகுத்துறைக்குப் புதுச்சாயம் பூசுவர், நீரில் மிதக்கும் பாசியையும் களையையும் வாரிக் கரையில் கொட்டி, அதனைப் படமெடுத்து நாளிதழ்களுக்குக் கொடுப்பர். அடுத்த மழைக்குப்பின் பாசியும் களையும் முன்னினும் மிகுந்து தோன்றும். மறுபடியும் ஒப்பந்தம், மறுபடியும் வாருதல், மறுபடியும் படம். உதகையிலும் கோடைக்கானலிலும் நெடுங்காலமாக நடந்துவரும் கூத்து இது. இக்கூத்தில் ஒருவரும் கேளாத வினா ஒன்றுண்டு. ஏரிக்கு வந்து சேரும் நீர் எந்த நிலத்தைக் கடந்து வருகிறது? அந்நிலத்தை யார், என்ன செய்து வைத்திருக்கின்றனர்?

ஏரி தன் கரைக்குள் வாழ்வதில்லை. அதற்கு நீர் தரும் சரிவுகளில், அச்சரிவுகளைப் போர்த்திய சோலையில், புல்லில், மண்ணில் அது வாழ்கிறது. அவற்றை அயல்மரத்துக்கும் விடுதிக்கும் ஆலைக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு, எஞ்சிய நீர்ப்பரப்புக்கு மட்டும் ஒப்பனை செய்வது பிணத்துக்குப் பூச்சூட்டும் வேலை. தமிழகத்து மலையேரிகளின் இருநூறாண்டு வரலாறு இதனை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது.

ஏரி எதனால் ஆனது?

ஏரியின்மேல் நேரே விழும் மழை சிறிது. பெரும்பகுதி நீர் சூழ்ந்துள்ள சரிவுகளில் விழுந்து, மண்ணுள் இறங்கி, ஊறிக் கசிந்து, ஓடையாய்த் திரண்டு வந்து சேர்கிறது. வரும் வழியில் தான் தொட்டதையெல்லாம் கரைத்தும் சுமந்தும் கொணர்கிறது. பேரேரியாயின் வந்த அழுக்கு பரந்த நீரில் கலந்து நீர்த்துப்போகும். சிற்றேரிக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதன் நீர்ப்பிடிப்பு நிலம் நீர்ப்பரப்பினும் பன்மடங்கு பெரிது. அதன் கொள்ளளவோ சிறிது. ஆகவே சூழ்நிலத்தில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் சிற்றேரியில் விரைந்தும் மிகுந்தும் தெரியும்.

காட்டினுள் இருக்கும் சிற்றேரியை எண்ணிப் பார்க்க. மரவேர் மண்ணைப் பிடித்திருக்கிறது. உதிர்ந்த இலை மக்கி, அதன் ஊட்டத்தை மரமே மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. ஏரிக்குச் சென்று சேரும் ஊட்டம் மிகச் சிறிது. ஆதலால் நீர் தெளிந்திருக்கும். ஒளி அடிவரை இறங்கும். அடியில் நீர்ப்பூண்டு வளரும். ஓடையில் விழும் இலைகளைச் சிறு பூச்சிகளின் புழுக்கள் அரித்துத் தின்னும். அப்புழுக்களை மீனும் தவளையும் உண்ணும். அவற்றைப் பறவை உண்ணும். கரைமரத்தின் நிழல் நீரைக் குளிர வைக்கும். குளிர்ந்த நீரே மிகுந்த உயிர்வளியைத் தாங்கும். நீரில் சாய்ந்து வீழ்ந்த அடிமரங்கூட மீன்குஞ்சுக்கு மறைவிடமாகும். ஏரிக்கு உணவும் உறைவிடமும் கரைக்கு அப்பாலுள்ள காடே தருகிறது.

அக்காட்டை அகற்றுக. வேர் பிடித்திருந்த மண் மழையில் கரைந்து ஏரியுள் இறங்கும். மண்ணோடு பாசுபரசும் நைட்ரசனும் இறங்கும். சரிவில் தோட்டம் போட்டால் உரமும், வீடும் விடுதியும் கட்டினால் கழிவுநீரும் அவற்றோடு சேரும். இவ்வூட்டம் நிலப்பயிருக்கு நன்று, ஏரிக்கு நஞ்சு. நுண்பாசி பெருகி நீர் பச்சைக் குழம்பாகும். ஒளி அடிக்குச் செல்லாது, நீர்ப்பூண்டு மடியும். பாசி செத்து அடியில் மக்கும்போது உயிர்வளி செலவாகும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய்பிளந்து தவித்துச் சாகும். கேடு அதனோடும் முடிவதில்லை. அடிச்சேற்றில் இரும்போடு பிணைந்து கிடக்கும் பாசுபரசு, அங்கு உயிர்வளி அற்றுப்போனவுடன் பிணைப்பு நீங்கி மீண்டும் நீருக்கு வந்துவிடும். வெளியிலிருந்து வரும் அழுக்கை நிறுத்திய பின்னும் ஏரி பல்லாண்டு நோயில் கிடப்பது இதனால்தான்.

இது வெறுங்கூற்று அன்று. காட்டுச் சிற்றேரிகளையே ஆய்வுக்களமாகக் கொண்டு கனடாவின் ஒன்றாரியோ மாநிலத்தில் 1968-இல் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பெற்றது. அங்கு 226 என்று எண்ணிடப்பட்ட ஏரியை 1973-இல் திரையிட்டு இரண்டாகத் தடுத்தனர். ஒரு பாதியில் கரிமமும் நைட்ரசனும் இட்டனர். மறுபாதியில் அவ்விரண்டோடு பாசுபரசும் இட்டனர். பாசுபரசு இட்ட பாதி பச்சைப்பாசியால் மூடிக்கொண்டது. மற்றப் பாதி தெளிந்தே இருந்தது. வானிலிருந்து எடுத்த படத்தில் ஒரே ஏரி இரு நிறமாகத் தெரிந்தது. மழை ஒன்றே, வெயில் ஒன்றே, நீரும் ஒன்றே. வேறுபட்டது நிலத்திலிருந்து வரக்கூடிய ஊட்டம் ஒன்றே.

பழந்தமிழர் அறிந்திருந்தது

இவ்வுண்மையைத் தமிழர்க்குக் கனடாக்காரர் வந்துதான் கற்பிக்க வேண்டுமா? நீர்நிலையைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள்! சுனை, கயம், மடு, பொய்கை, இலஞ்சி, குளம், ஏரி, ஏந்தல், தாங்கல், கண்மாய், ஊருணி. ஒவ்வொன்றும் வெவ்வேறு நிலத்தில் வெவ்வேறு வகையில் நீர் நிற்பதைக் காட்டும் சொல். ஏரியின் உறுப்புகளைச் சொல்லும்போதும் தமிழ் உழவன் கரையோடு நிற்கவில்லை. வரத்துக்கால், உள்வாய், மதகு, கலிங்கு என்று நீர் வரும் வழியிலிருந்து போகும் வழி வரை பெயரிட்டான். வரத்துக்காலை மறித்தவனை ஊர் கேட்டது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என்று ஏரிக்கெனவும், தோட்ட வாரியம் என்று தோட்டத்துக்கெனவும் தனித்தனிக் குழுக்களை ஊரார் தேர்ந்தெடுத்த முறையை இன்றும் கல்லில் காட்டி நிற்கின்றன.

அவ்வறிவு கீழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மலையின் உச்சிப் பள்ளங்களில் அடர்ந்து நிற்கும் குறுங்காட்டுக்குச் சோலை என்று பெயரிட்டவன் தமிழன். அச்சொல்லுக்கு ஈடான சொல் அயலார்க்குக் கிடைக்கவில்லை. இன்றும் உலகத்து நிலைத்திணை அறிஞர்கள் தம் ஆய்வுரைகளில் ‘சோலா’ என்றே எழுதுகின்றனர். தமிழ்ச்சொல் உலக அறிவியலில் ஏறி அமர்ந்திருக்கிறது. அச்சொல் குறிக்கும் காடோ தமிழ் மண்ணில் ஒதுக்கிடத்துக்கு ஏங்குகிறது. இதனினும் பெரிய இழிவு ஏது?

ஒரு பொய்ச்சொல் செய்த கேடு

மேற்கு மலைத்தொடரின் உயர்ந்த மேட்டுநிலங்களில் இயற்கை அமைத்தது இரட்டைப் போர்வை. பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல்வெளி. இரண்டும் சேர்ந்ததே அம்மலையின் நீர்த்தேக்கம். புல்லின் வேரும் மக்கிய கருமண்ணும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையற்ற திங்கள்களில் சிறிது சிறிதாகக் கசியவிடும். பள்ளத்துச் சதுப்பும் சோலையும் அக்கசிவை ஏந்தி ஓடையாக்கும். பன்னீராண்டுக்கொருமுறை பூத்து மலையையே நீலமாக்கும் குறிஞ்சி வளர்வது அப்புல்வெளியில்தான். தொதவரின் எருமைகள் மேய்ந்ததும் அப்புல்வெளியில்தான்.

மரமில்லாத அந்நிலத்தைப் பார்த்த ஆங்கிலேயன் அதற்கு ஒரு பெயர் சூட்டினான்: பயனற்ற தரிசு. அவன் கணக்கில் வெட்டி விற்க மரமில்லாத நிலமும் வரி கட்ட உழவனில்லாத நிலமும் பாழ்நிலம். தமிழர் வகுத்த திணைகளுள் பயனற்ற நிலம் என்று ஒன்று உண்டா? குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் தத்தம் உயிரும் தொழிலும் உடையன. பாலையைக்கூடத் தனியொரு நிலமாக அன்றி, பிற நிலம் கெட்டபோது தோன்றும் நிலையாகவே பழந்தமிழர் கண்டனர். நிலத்தைப் பயனற்றதாகப் பிறக்கவைக்கும் எண்ணம் தமிழுக்கு அயலானது. அது வரிவாங்க வந்தவனின் எண்ணம்.

பெயர் மாறியது, பின் நிலம் மாறியது. ஆத்திரேலிய நாட்டு யூக்கலிப்டசு மரம் 1843-இல் நீலமலைக்குக் கொண்டுவரப்பட்டது. சீகை என்று மலைமக்கள் அழைக்கும் வாட்டில் மரமும் அந்நூற்றாண்டிலேயே வந்தது. பின்னர் ஊசியிலைப் பைன் மரங்களும் வந்தன. வெள்ளையர் தம் அடுப்புக்கும் குளிர்காய்வதற்கும் விறகு வேண்டி நட்டனர். அவர்கள் 1947-இல் வெளியேறினர். அவர்கள் விட்டுச்சென்ற சொல் வெளியேறவில்லை. தன்னாட்சி பெற்ற அரசே அத்தரிசுக் கணக்கை அப்படியே ஏற்று, தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப்பட்டையும், செயற்கைப் பட்டிழை ஆலைக்கு மரக்கூழும் வேண்டுமென்று முன்னினும் விரைவாகப் புல்வெளிகளில் மரம் நட்டது. புல்லை அழித்து மரம் நடுதலுக்குக் ‘காடு வளர்ப்பு’ என்றும் பெயர் சூட்டியது!

விளைவு யாது? பழனி மலைத்தொடரின் புல்வெளிப் பரப்பை 1973-ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் படத்தோடும் 2014-ஆம் ஆண்டின் படத்தோடும் ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வு, அந்நாற்பதாண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரு பங்கு ஒழிந்துபோனதென்று காட்டியது. அதனை விழுங்கியவை அயல்மரத் தோப்புகளும் வேளாண்மையும். நீலமலைக் கிளென்மார்கனில் நடுவணரசின் மண்-நீர்க் காப்பு ஆய்வாளர்கள் அடுத்தடுத்த இரு சிறு நீர்ப்பிடிப்பு நிலங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றை இயல்பாக விட்டு, மற்றொன்றில் யூக்கலிப்டசு நட்டு ஆண்டுக்கணக்கில் நீரை அளந்தனர். முதற் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் மறுதழைவாய் வளர்ந்த இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது. மலையில் நட்டது மரமன்று. நீரை உறிஞ்சும் குழாய்.

நீரின் அளவு மட்டுமா கெட்டது? சீகையின் வேர்முடிச்சுகள் வளியிலுள்ள நைட்ரசனை ஈர்த்து, இயல்பாக ஊட்டம் குறைந்த மலைமண்ணில் ஏற்றுகின்றன. யூக்கலிப்டசின் இலை எண்ணெயும் துவர்ப்பும் மிகுந்தது. சோலையிலை தின்று பழகிய ஓடைப்புழுக்களுக்கு எளிதில் உணவாகாது. பைன் ஊசிகள் விரைவில் மக்காமல் தரையை மூடிக் கிடந்து தீக்கு இரையாகின்றன. தீ தின்ற சரிவின் சாம்பலும் மண்ணும் அடுத்த மழையில் எங்கே போகும்? ஓடைக்கும் ஏரிக்கும்தான்.

ஒரு மலை, மூன்று ஏரிகள்

பழனி மலையின் மேட்டுநிலத்தில் கோடைக்கானல் ஏரி, பேரிசம் ஏரி, கூக்கால் ஏரி என மூன்று ஏரிகள் உள்ளன. மூன்றும் ஒரே மலையின் பிள்ளைகள். ஆயின் மூன்றையும் சூழ்ந்த நிலம் வேறு வேறு.

கோடைக்கானல் ஏரியைச் சூழ்ந்திருப்பது நகரம். 1863-இல் மதுரை மாவட்ட ஆட்சியராயிருந்த இலெவிஞ்சு என்பவர் சதுப்புப் பள்ளத்து ஓடைகளைத் தடுத்து உருவாக்கிய ஏறத்தாழ 60 ஏக்கர் நீர்ப்பரப்பு அது. அதன் மேற்சரிவுகளில் விடுதிகளும் மாளிகைகளும் அடுக்கடுக்காக எழுந்தன. 1993-இல் நகருக்கென வகுத்த முழுமைத் திட்டத்தை மீறி எழுந்த கட்டடங்களின் வழக்கு உயர் முறைமன்றம் வரை சென்றது. கழிவுநீரும், கரையைச் சுற்றி ஓட்டப்படும் குதிரைகளின் சாணமும், தெருவழுக்கும் சரிவு வழியே எங்கு இறங்கும் என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டுவதில்லை. அவ்வேரியின் வழிநீரே கீழே வெள்ளியருவியாக விழுகிறது என்பதை அங்கு நின்று படமெடுத்துக்கொள்வோர் எத்தனை பேர் அறிவர்?

பேரிசத்தைச் சூழ்ந்திருப்பது காப்புக்காடு. காட்டுத்துறையின் ஒப்புதலின்றி அங்குச் செல்ல இயலாது. அந்நீர் பெரியகுளத்து மக்களுக்குக் குடிநீர். ஆயினும் அதனைச் சூழ்ந்து நிற்பது முழுச்சோலை அன்று. சோலைத்திட்டுகளுக்கிடையே பைனும் சீகையும் யூக்கலிப்டசுமாக நட்ட தோப்புகளே மிகுதி. கூக்காலைச் சூழ்ந்திருப்பது ஒருபுறம் சோலை. மறுபுறம் பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் உழவர் நிலம்.

இம்மூன்று ஏரிகளும் ஒருசேர ஆராயப்பட்ட நிகழ்வு ஒன்றுண்டு. அது தமிழர் மறக்கக்கூடாத நிகழ்வு. அமெரிக்க நாட்டின் நியூயார்க்கு மாநிலத்தில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று அங்கிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, 1983-இல் கோடைக்கானலில், பாம்பார்ச் சோலையின் தலைமாட்டில் நிறுவப்பட்டது. பாண்ட்சு நிறுவனம் அமைத்த அவ்வாலை பின்னர் இந்துசுத்தான் இலீவரின் உடைமையாயிற்று. இதள் எனப்படும் பாதரசமே அதன் மூலப்பொருள். இதள் படிந்த உடைகண்ணாடி ஊருக்குள் ஒரு பழம்பொருள் கடையில் குவிந்து கிடந்ததை மக்களும் சூழல் காப்பாளர்களும் 2001 மார்ச்சில் வெளிப்படுத்திப் போராடினர், ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் இதட்கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அங்கு வேலைசெய்த 591 தொழிலாளர்க்கான உடன்படிக்கை 2016-இல்தான் ஏற்பட்டது. ஆலை மண்ணில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் இதள் வரை எஞ்சியிருக்கலாம் என்று வரம்பு கட்டியபோது, அந்நிறுவனத்தின் தாய்நாட்டில் குடியிருப்பு மண்ணுக்கு இதனினும் மிகக் கடுமையான வரம்பு இருப்பதைப் போராளிகள் சுட்டிக்காட்டினர். வெள்ளையன் மண்ணுக்கு ஓர் அளவுகோல். தமிழன் மண்ணுக்கு வேறோர் அளவுகோல்!

ஐதராபாத்தில் உள்ள அணுவாற்றல் துறையின் ஆய்வு நடுவத்தார் மூன்று ஏரிகளின் நீர், சேறு, மீன் ஆகியவற்றை ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். கோடைக்கானல் ஏரியில் ஓர் இலிட்டர் நீரில் 356 முதல் 465 நானோகிராம் வரை இதள் இருந்தது. பேரிசத்திலும் கூக்காலிலும் அவ்வளவு மிகக் குறைவு. கோடைக்கானல் ஏரியின் மீன்களிலும் இதள் இருந்தது. ஆலை வெளிவிட்ட இதளாலேயே ஏரி கெட்டது என்பது அவர்கள் முடிவு.

இதில் ஒன்றை ஆழ்ந்து நோக்குக. ஆலையின் நிலத்துநீர் இறங்குவது பாம்பாற்றுப் பக்கம். ஏரியோ மேட்டுக்கு அப்பால் நகரின் நடுவில் உள்ளது. ஓடை வழியின்றியும் இதள் ஏரியை அடைந்தது, காற்று வழியாக. ஆவியாய்ப் பரந்த நஞ்சு மழையோடும் தூசோடும் இறங்கியது. ஆகவே ஏரியின் சூழ்நிலம் என்பது ஓடைகள் வரையும் எல்லைக்கோட்டோடுங்கூட முடிவதில்லை; அதன்மேல் வீசும் காற்று வரை நீள்கிறது.

இன்னொன்றும் உண்டு. இதள் சேற்றில் கிடக்கும்வரை ஓரளவே தீங்கு. உயிர்வளியற்ற சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் இதளாக மாற்றும்போதுதான் அது கொடுநஞ்சாகிறது. அந்நஞ்சு நுண்பாசியிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், அங்கிருந்து உண்பவன் உடலுக்கும் படிதோறும் பெருகி ஏறும். மூளையையும் நரம்பையும் கருவிலுள்ள குழவியையும் தாக்கும். சேற்றில் உயிர்வளியைப் பறிப்பது எது? கழிவுநீரும் அது வளர்த்த பாசியும். விடுதிக்காரன் விட்ட கழிவும் ஆலைக்காரன் விட்ட இதளும் ஏரியின் அடியில் கைகோத்துக்கொள்கின்றன. ஒவ்வொருவனும் தான் விட்டது சிறிதே என்று கணக்குக் காட்டலாம். ஏரி தனித்தனிக் கணக்கு எழுதுவதில்லை. எல்லாவற்றையும் கூட்டியே விடை சொல்கிறது.

உதகை சொல்லும் பாடம்

நீலமலையில் சான் சல்லிவன் 1823 முதல் 1825 வரை கட்டுவித்த உதகை ஏரியின் கதையும் இதுவே. இன்று எஞ்சியிருப்பது அன்றைய ஏரியின் ஒரு பகுதி. மற்றப் பகுதி தூர்ந்தும் தூர்க்கப்பட்டும் பேருந்து நிலையமாகவும் குதிரைப் பந்தயத் திடலாகவும் ஆயிற்று. எஞ்சிய ஏரிக்குக் கோடப்பமந்துக் கால்வாய் வாயிலாக நகரின் கழிவு வந்து சேர்ந்தது. நீர் பாயவேண்டிய இடத்தில் செல்வர்களின் குதிரை பாய்ந்தது. நீர் வரவேண்டிய வழியில் சாக்கடை வந்தது. குத்தகைத் தொகை நிலுவையால் பந்தயத்திடலை 2024-இல் அரசு மீட்டது. மீட்ட நிலத்தில் ஏரிக்கும் சதுப்புக்கும் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதே அவ்வரசின் நேர்மைக்கு அளவுகோல்.

சொல்லப்படும் சாக்குகள்

‘மரம் நட்டால் பசுமைதானே, அதில் என்ன குறை?’ என்பது முதற் சாக்கு. மரம் எல்லாம் ஒன்றென்றால், நெல்வயலில் நாணல் முளைத்தாலும் பசுமைதான்! புல்வெளிக்கு உரிய இடத்தில் புல்லே பசுமை. ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. முதிர்ந்த தோப்புகளின் நிழலில் சில இடங்களில் சோலை நாற்றுகள் தாமாக முளைத்து எழுகின்றன. கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் வெட்டினால் அவையும் மடியும். சீகையின் விதையோ மண்ணுள் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, வெட்டும் தீயும் கண்டவுடன் கூட்டமாக முளைக்கும். வெட்டிவிட்டு வீடு திரும்பும் ஒப்பந்தக்காரனால் இது தீராது. ஆண்டுதோறும் நாற்றுப் பிடுங்கும் கைகள் வேண்டும். அயற்செடிகளை அகற்றுவதற்கெனத் தமிழக அரசு 2022-இல் கொள்கை வகுத்தது நன்று. அக்கொள்கை மரத்தை விற்று வருவாய் காண்பதோடு நின்றுவிடின், அது பழைய தரிசுக் கணக்கின் மறுபதிப்பே.

‘உழவனும் விடுதித் தொழிலாளியும் பிழைக்க வேண்டாவா?’ என்பது அடுத்த சாக்கு. பிழைக்கவேண்டும். ஏரியும் ஓடையும் செத்தபின் அவர்கள் எதைக்கொண்டு பிழைப்பர்? மலையுழவன் பூச்சிக்கொல்லியையும் வேதியுரத்தையும் கடன்பட்டு வாங்குகிறான். மழை அதில் ஒரு பங்கை வாரி ஓடையில் கொட்டுகிறது. ஏரிக்கும் இழப்பு, அவனுக்கும் இழப்பு. அவனைக் குற்றக் கூண்டில் நிறுத்துவோர், சோலை விளிம்பில் மாளிகை எழுப்பிய பெருஞ்செல்வரைக் கண்டதும் வாய்மூடுவதேன்?

‘தூர்வாரினால் போதும்’ என்பது மூன்றாம் சாக்கு. தூர் எங்கிருந்து வந்தது? மேலிருந்து வந்தது. மேலுள்ளதை அப்படியே விட்டுக் கீழுள்ளதை வாருவது, திறந்த குழாயின்கீழ்த் தரையைத் துடைப்பதை ஒக்கும். இதள் படிந்த சேற்றை ஆராயாமல் கிளறினால் அடங்கிக் கிடந்த நஞ்சு மீண்டும் நீரில் எழவுங்கூடும்.

‘ஏரியே வெள்ளையன் கட்டியதுதானே’ என்போரும் உளர். கரை அவன் கட்டியது. நீர் தமிழ்மலையின் நீர். மண் தமிழ்மலையின் மண். கரை கட்டக் கல்லும் மண்ணும் சுமந்த தோள் தமிழன் தோள். கீழே அந்நீரைக் குடிப்பவனும் தமிழன்.

வேண்டுவன

முதலாவது, மலையேரியின் எல்லையை நீர்விளிம்பில் வரையாமல் மலைமுகட்டில் வரையவேண்டும். அம்முகட்டுக்கு உட்பட்ட நிலம் முழுவதும் ஏரியின் உறுப்பு எனச் சட்டம் சொல்லவேண்டும். அதனுள் ஓடையை மறித்தும் சதுப்பைத் தூர்த்தும் எக்கட்டடமும் எழலாகாது.

இரண்டாவது, கழிவுநீர் ஒரு துளியும் தூய்மையாக்கப்படாமல் ஏரிக்கும் ஓடைக்கும் செல்லலாகாது. பெரிய விடுதிகளிலிருந்தே இது தொடங்கவேண்டும்.

மூன்றாவது, ஓடைகளின் இருமருங்கும் புல்லும் கோரையும் சோலைமரமும் கொண்ட ஒரு பட்டை உழப்படாமலும் கட்டப்படாமலும் விடப்படவேண்டும். மண்ணையும் உரத்தையும் தடுத்து நிறுத்தும் இயற்கைச் சல்லடை அதுவே. அதற்காக நிலம் விடும் சிறு உழவனுக்கு அரசு ஈடு தரவேண்டும்.

நான்காவது, அயல்மரத் தோப்புகள் படிப்படியாகப் புல்வெளியாகவும் சோலையாகவும் மீட்கப்படவேண்டும். அவ்வேலை மலைவாழ் மக்களின் கையில், நிலையான கூலியோடு ஒப்படைக்கப்படவேண்டும். எப்புல் எங்கே வளரும் என்பதை அவர்களே அறிவர்.

ஐந்தாவது, மேற்சொன்னவற்றுக்கெல்லாம் உயிரானது. ஏரிநீர், சேறு, மீன் ஆகியவற்றின் ஆய்வு முடிவுகள் ஆண்டுதோறும் தமிழில் வெளியிடப்படவேண்டும். இதள் பற்றிய ஆய்வுரை ஆங்கிலத்தில், வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. அவ்வேரியின் மீனை விலைக்கு வாங்கி உண்ணும் கோடைக்கானல் கூலித்தொழிலாளி அதனை எப்படிப் படிப்பான்? தன் குழந்தையின் வாயில் செல்வது என்ன என்பதைத் தன் மொழியில் அறியும் உரிமை அவனுக்கு இல்லையா? நஞ்சு தமிழன் உடலுக்கு. அதைப் பற்றிய அறிவு மட்டும் அயல்மொழிக்கு என்பது எந்த நாட்டு முறை? மொழியுரிமை என்பது மேடைப் பேச்சுக்கு உரிய ஒன்றன்று. உயிர் காக்கும் ஏந்து என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

சொல்லை மீட்டு நிலத்தை மீட்க

சுற்றுலாக்காரரின் வண்டிப்பெருக்கை அளக்க 2024 மே திங்களில் நீலமலைக்கும் கோடைக்கானலுக்கும் நுழைவுச்சீட்டு முறையை உயர் முறைமன்றம் கொணர்ந்தது. மலையும் ஓர் அளவுக்குமேல் தாங்காது என்று ஆணை ஒன்று சொல்லவேண்டிய நிலை வந்துவிட்டது. வண்டிகளை எண்ணியது தொடக்கம். இனி எண்ணவேண்டியவை கட்டடங்கள், கழிவுக்குழாய்கள், அயல்மரங்கள், எஞ்சிய சோலைகள்.

தரிசு என்ற ஒரு பொய்ச்சொல் ஒன்றரை நூற்றாண்டில் மலையின் மேற்போர்வையைக் கிழித்தது. சோலை என்ற மெய்ச்சொல்லைப் பாடநூலிலும் ஆட்சி ஏட்டிலும் சட்டத்திலும் அதற்குரிய பொருளோடு அமர்த்துவது அக்கிழிசலைத் தைக்கும் முதல் ஊசி. புல்வெளியைப் புல்வெளி என்றும், சதுப்பைச் சதுப்பு என்றும், ஓடையை ஓடை என்றும் அரசின் நிலக்கணக்கு எழுதட்டும். பெயர் பெற்ற நிலத்தை விற்கவும் தூர்க்கவும் தயங்குவர்; தரிசென்று எழுதப்பட்ட நிலத்தை எவனும் விழுங்குவான்.

தமிழுணர்வு உடையோர் கோடைக்கானலுக்கோ உதகைக்கோ செல்லின், படகில் ஏறுமுன் ஒருமுறை நிமிர்ந்து மேலே நோக்குக. அச்சரிவுகளில் நிற்பவை எவை, அங்கிருந்து இறங்குவது எது என்று கேட்க. கேட்டதை ஊருக்குச் சொல்க. ஊராரைத் திரட்டி ஆள்வோரைக் கேட்க. மலைமுகடு முதல் மடைவாய் வரை ஒன்றே உயிர். அதன் தலையை வெட்டிவிட்டுக் காலுக்குச் சிலம்பு பூட்டும் ஆட்சி எதுவாயினும், அது தமிழ்நிலத்துக்குப் பகையே!